எலும்பைச் சேர்ப்பது கட்டா, உடம்பா?

வண்டியிலிருந்து விழுந்தவரைச் சாலையோரம் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பதற்குள் வைத்தியம் தொடங்கிவிடும், வாயாலேயே. "ஆஸ்பத்திரிக்குப் போனா பிளேட் வெச்சுடுவாங்க, நேரா புத்தூர் கட்டுக்குப் போயிடுங்க" என்பார் ஒருவர். "இலையை அரைச்சுக் கட்டினா எலும்பு ஒட்டிக்குமா? எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்பார் இன்னொருவர். விழுந்தவர் ஒரு கையால் இன்னொரு கையைத் தாங்கிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

எதிரெதிராகப் பேசினாலும் இருவரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். எலும்பைச் சேர்ப்பது மருந்து என்று முதலாமவர் நம்புகிறார். அந்த மருந்து சேர்க்காது, ஆஸ்பத்திரி மருந்துதான் சேர்க்கும் என்று இரண்டாமவர் நினைக்கிறார். உண்மையில் இலையும் சேர்ப்பதில்லை, மாவுக்கட்டும் சேர்ப்பதில்லை, பிளேட்டும் சேர்ப்பதில்லை. எலும்பு தானாகவே சேர்கிறது. கட்டுபவரின் வேலை வேறு. அந்த வேலை என்ன என்று தெரிந்துகொண்டால் கட்டு வைத்தியத்தில் எது கைவினை, எது கதை, எது ஆபத்து என்று பிரித்துப் பார்க்க வரும்.

ஒட்டு மாங்கன்று

நர்சரியில் ஒட்டு மாங்கன்று கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கீழ்த்தண்டைச் சீவுகிறார்கள், மேல்தண்டைச் சீவுகிறார்கள், சீவிய முகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி வைத்துப் பிளாஸ்டிக் நாடாவால் இறுகச் சுற்றுகிறார்கள். சில வாரங்களில் இரண்டும் ஒரே மரமாகிவிடுகின்றன. ஒட்டியது நாடாவா? இல்லை, மரம்தான். நாடா செய்ததெல்லாம் முகங்கள் விலகாமல் பார்த்துக்கொண்டது மட்டும்.

ஆனால் அந்த ஒட்டு பிடிக்க மூன்று விஷயம் வேண்டும். முகங்கள் பொருந்தியிருக்க வேண்டும். காற்றில் ஆடக் கூடாது. தண்டில் உயிர்ச்சாறு ஓட வேண்டும். நாடாவை நரம்பு இறுகக் கட்டினால் மேல்துண்டு வாடிவிடும் என்று ஒட்டுக் கட்டுபவருக்குத் தெரியும்.

முறிந்த எலும்புக்கும் இதே மூன்றுதான்: பொருத்தம், அசையாமை, இரத்த ஓட்டம். இந்தக் கட்டுரை முழுக்க இந்த மூன்றைச் சுற்றித்தான் வரும்.

முறிந்த இடத்தில் என்ன நடக்கிறது

பள்ளி ஆய்வகத்துக் கண்ணாடி அலமாரியில் தொங்கிய எலும்புக்கூட்டைப் பார்த்ததாலோ என்னவோ, எலும்பு என்றால் காய்ந்த குச்சி என்ற எண்ணம் நமக்குள் தங்கிவிட்டது. உடம்புக்குள் இருக்கும் எலும்பு ஈரமானது, இரத்தக் குழாய்கள் ஓடுவது. பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டும் வேலை அதற்குள் எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. வளர்ந்தவர் உடம்பிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீத எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. முறிவு ஏற்பட்டால் அதே கொத்தனார்கள் வேலையைப் பல மடங்கு கூட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

முறிந்தவுடன் அந்த இடத்தில் இரத்தம் கசிந்து உறைகிறது. வீக்கமும் சூடும் வலியும் அதனால்தான். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் அந்த உறைவுக்குள் நாரும் குருத்தெலும்பும் வளர்ந்து, இரண்டு முனைகளையும் ரப்பர் போன்ற ஒரு முடிச்சால் இணைக்கின்றன. இந்த முடிச்சுக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் காலஸ். பிறகு காலஸில் சுண்ணாம்புச் சத்து ஏறி அது கெட்டிப்படுகிறது. வளர்ந்தவரின் மணிக்கட்டு முறிவுக்கு ஏறக்குறைய 6 வாரம், முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்புக்கு 3 அல்லது 4 மாதம், சில சமயம் அதற்கும் மேல். கடைசி வேலை மெருகேற்றல்: தேவையில்லாத இடத்தில் புடைத்த எலும்பு கரைந்து, பாரம் விழும் இடத்தில் தடித்து, பழைய வடிவத்தை நோக்கித் திரும்புகிறது. இது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நடக்கும்.

குழந்தைகளிடம் இந்த வேகம் ஆச்சரியமானது. பிரசவத்தில் தொடை எலும்பு முறிந்த சிசுவுக்குக்கூட இரண்டு மூன்று வாரங்களில் அது சேர்ந்துவிடும். லேசாகக் கோணிச் சேர்ந்தால், வளர வளர நேராகவும் ஆகிவிடும். ஆனால் திருகிச் சேர்ந்த எலும்பை அந்தக் குழந்தை உடம்பாலும் திருத்த முடியாது. இந்தத் திருகல் விஷயத்தை நினைவில் வையுங்கள்.

இதுவரை பார்த்ததில் முக்கியமானது ஒன்றுதான். கோணலாக வைத்தாலும் எலும்பு சேரும், கோணலாகவே சேரும். "சேர்ந்துடுச்சா?" என்பது பாதிக் கேள்வி. "எப்படிச் சேர்ந்தது?" என்பதுதான் மீதி.

ஏன் இழுக்கிறார்கள்?

தொடையைச் சுற்றியிருக்கும் தசைகள் உடம்பிலேயே வலுவானவை. எலும்பு முழுதாக இருக்கும்வரை அது கூடாரத்தின் நடுக்கம்பு மாதிரி நிற்கிறது, தசைகள் நான்கு பக்கக் கயிறு மாதிரி இழுத்துப் பிடிக்கின்றன. கம்பு முறிந்தால் கயிறுகள் என்ன செய்யும்? சுருங்கும். முறிந்த முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கால் குட்டையாகத் தெரிவது இதனால்தான்.

ஆகவே முதல் வேலை இழுப்பது. கயிறுகளின் இழுவையைத் தோற்கடித்து, ஏறிக்கொண்ட முனைகளை விடுவித்து, எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அறுத்துத் திறக்காமல், வெளியிலிருந்து கையாலேயே எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் இந்த வேலையை ஆஸ்பத்திரியில் 'ரிடக்‌ஷன்' என்பார்கள். நாம் 'நேர்ப்படுத்தல்' என்று வைத்துக்கொள்வோம். கட்டு வைத்தியர் "எலும்பை இழுத்து உட்காரவைக்கிறேன்" என்று சொல்வதும் இதையேதான்.

வெறுமனே இழுத்தால் போதாது. ஒரு முருங்கைக்காயை எடுத்து ஒடித்துப் பாருங்கள். சட்டென்று இரண்டாகாது. ஒரு பக்கம் பிளந்து திறக்கும், மறுபக்கம் நார் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். எலும்பின் மேலும் அப்படி ஒரு உறுதியான உறை உண்டு. பல முறிவுகளில் அது ஒரு பக்கம் கிழிந்து, மறுபக்கம் முழுதாகவே நிற்கும். எலும்பை உட்காரவைப்பவருக்கு அந்தக் கிழியாத பக்கம்தான் கதவின் கீல்.

வேடிக்கை பார்ப்பவர்களை அலறவைக்கும் ஒரு காட்சி இதனால் வருகிறது. ஏற்கெனவே கோணியிருக்கும் கையை வைத்தியர் நேராக்காமல் இன்னும் கொஞ்சம் கோணலாக்குவார். கோபத்தில் செய்வதில்லை. பூட்டிக்கொண்ட முனைகள் நேராக இழுத்தால் விடுபடாது. கோணலைக் கூட்டினால்தான் நார் தளரும். தளர்ந்ததும் முனையைத் தள்ளி விளிம்போடு விளிம்பு சேர்த்து, பிறகு கதவைச் சாத்துவதுபோல் நேராக்கினால் அந்த நாரே முனைகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்தோ மரக்கவைத்தோ செய்வதும் இதே அசைவுதான். மயக்க மருந்து வலியை மட்டும் போக்குவதில்லை, தசையையும் தளர்த்துகிறது. பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

உட்காரவைத்ததை நழுவாமல் பிடிப்பதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி (செயற்கை இடுப்பு மூட்டால் புகழ் பெற்றவர்) இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இதை விளக்கிக் காட்டினார். நேரான எலும்பு வேண்டுமென்றால் மாவுக்கட்டு லேசாக வளைந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு பக்கத்திலிருந்தும் இரு முனைகளில் எதிர்ப்பக்கத்திலிருந்தும், ஆக மூன்று இடத்தில் அழுத்தம் விழுந்தால்தான் அந்த நார்க்கீல் இழுபட்டு நிற்கும். குழாய்போல் அழகாக இருக்கும் கட்டு பார்க்க மட்டும்தான் அழகு.

சுளுக்கு, பிசகு, விலகல்

வீட்டில் இந்த மூன்று சொல்லையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். குழப்பத்தில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

சுளுக்கு என்பது எலும்பையும் எலும்பையும் கட்டிவைத்திருக்கும் ஜவ்வு இழுபடுவது, அல்லது கொஞ்சம் கிழிவது. எலும்பு இடம் மாறுவதில்லை. ஆகவே 'சுளுக்கு எடுக்க' உள்ளே எதுவும் இல்லை. இரட்டைப் பிள்ளை பெற்றவர் நீவினால் சரியாகும் என்று சொல்வார்கள். அந்த அம்மாள் வந்து சேர்வதற்குள் பாதிச் சுளுக்கு தானாகவே அடங்கியிருக்கும் என்பது என் சந்தேகம். லேசான சுளுக்குக்கு முதல் இரண்டு நாள் ஐஸ், ஓய்வு, மிதமான கட்டு, காலை உயர்த்தி வைத்தல், இவை போதும்.

விலகல் என்பது மூட்டில் பொருந்தியிருக்கும் எலும்பின் முனை குழியை விட்டு வெளியே வந்துவிடுவது. உரலிலிருந்து குழவி வெளியே விழுந்த மாதிரி. பெரிய மூட்டுகளில் அதிகம் விலகுவது தோள். அதன் குழி ஆழமில்லாதது, பந்து பெரியது. கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிற வசதிக்கு நாம் கொடுக்கும் விலை அது. தோள் விலகினால் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் விலகும்.

விலகலைக் கையால் உட்காரவைப்பது மிகப் பழைய கலை. அக்குளில் குதிகாலை வைத்துக் கையை இழுக்கும் முறையைக் கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரேட்டஸின் பெயரால் இன்றும் சொல்கிறார்கள். 1870-இல் கோச்சர் என்ற சுவிஸ் அறுவை மருத்துவர் ஒரு சுழற்று முறையைச் சொன்னார். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, கட்டிலுக்கு வெளியே தொங்கும் கையில் எடையைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும் முறையும் உண்டு. எனக்கு அதுதான் பிடித்தது, தசை களைத்து விட்டுக்கொடுத்ததும் பந்து தானே வழுக்கி உள்ளே போய்விடும். இந்த முறைகள் எல்லாவற்றிலும் பலத்தைவிடப் பொறுமைக்கே மதிப்பு அதிகம். முரட்டுத்தனமாகச் செய்தால் எலும்பே முறியலாம், அக்குள் வழியே போகும் நரம்பும் இரத்தக் குழாயும் அடிபடலாம்.

இடுப்பு மூட்டு விலகினால் மட்டும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பெரிய வாகன விபத்துகளில் நடப்பது இது. தொடை எலும்பின் பந்துக்குப் போகும் இரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொள்வதால், ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் உட்காரவைக்காவிட்டால் அந்தப் பந்து செத்துப்போகும் ஆபத்து வேகமாக ஏறும்.

இனி பிசகு. கட்டு வைத்தியரின் புகழில் ஒரு பெரும்பங்கு இந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தையை விளையாட்டாகக் கையைப் பிடித்துத் தூக்கியிருப்பார்கள், அல்லது தெருவைக் கடக்கும்போது வெடுக்கென்று இழுத்திருப்பார்கள். குழந்தை கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அழும், தொடவிடாது. முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்றின் தலை, முழங்கையில் தன்னைச் சுற்றியிருக்கும் வளைய ஜவ்விலிருந்து கொஞ்சம் நழுவியிருக்கும். பாவாடை நாடா காஜாவை விட்டு நழுவுவதுபோல. கை தெரிந்தவர் முன்கையை ஒரு திருப்புத் திருப்பினால் 'டக்' என்று உட்காரும். பத்து நிமிடத்தில் குழந்தை அதே கையால் பிஸ்கட் வாங்கும். பார்த்த பாட்டிக்கு அது அதிசயம்தான். அடுத்த முறை தாத்தா இடுப்பு முறிந்து விழுந்தாலும் அதே வைத்தியரிடம்தான் கூட்டிப்போவார். இரண்டும் ஒன்றல்ல என்று பாட்டிக்கு யார் சொல்வது?

சுருக்கிச் சொன்னால், சுளுக்கில் உட்காரவைக்க எதுவும் இல்லை. பிசகில் ஒரு திருப்பு போதும். விலகலில் நேரமும் கைப்பக்குவமும் வேண்டும். முறிவில் உட்காரவைத்த பிறகும் வாரக்கணக்கில் பிடித்துவைக்க வேண்டும்.

தப்பை வைத்துக் கட்டுவது

சித்த மருத்துவத்தின் 32 வகைப் புறமருத்துவத்தில் கட்டு, பற்று, ஒற்றடம், தொக்கணம் இவற்றோடு 'கொம்பு வைத்துக் கட்டல்' என்று ஒன்று தனியாகவே உண்டு. முறிந்த உறுப்புக்குப் பக்கவாட்டில் மரத்துண்டோ மூங்கில் தப்பையோ வைத்துக் கட்டுவது அது. கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்களும் இதையே எண்ணெயோடு சேர்த்துச் செய்கிறார்கள்.

ஊருக்கு ஊர் பலகை வைத்திருக்கும் புத்தூர் கட்டின் மூலஊர் ஆந்திராவில், சென்னையிலிருந்து திருத்தணி, நகரி வழியாகத் திருப்பதி போகும் பாதையில் இருக்கிறது. அங்குள்ள ராஜு குடும்பத்தார் 1881-லிருந்து கட்டிவருவதாகச் சொல்கிறார்கள். அடிபட்ட முயலை இலையில் சுற்றிக் கொண்டுவந்தபோது அதன் கால் சேர்ந்திருந்தது என்ற கதை ஒன்றும் வழங்குகிறது. கதை கதையாகவே இருக்கட்டும். எந்த இலைக்கும் எலும்பு ஒரே நாளில் சேராது. ஆனால் அந்தக் கைகளுக்குத் தலைமுறைப் பழக்கம் இருக்கிறது என்பதை மறுக்கத் தேவையில்லை. ஒரே நாளில் பத்து மணிக்கட்டைத் தொட்டுப் பார்ப்பவரின் விரல் நுனிக்குச் சில விஷயங்கள் தெரிந்துதான் இருக்கும்.

அந்தக் கட்டு பலருக்குப் பலிப்பதற்குக் காரணம் என்ன? எல்லா எலும்பும் ஒரே அளவு கறாரானவை அல்ல என்பதுதான். காறை எலும்பு, விலா, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் உள்ள மேற்கை எலும்பின் தண்டு, கணுக்காலுக்கு மேலே வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பின் நடுப்பகுதி, சிறு பிள்ளைகளின் மணிக்கட்டு, இவையெல்லாம் மன்னிக்கும் எலும்புகள். மேற்கை எலும்பு 20 டிகிரி கோணிச் சேர்ந்தாலும் சட்டை போட்டால் தெரியாது, வேலைக்கும் குறைவிருக்காது. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் இவற்றில் பலவற்றுக்குக் கட்டும் காத்திருப்பும்தான் சிகிச்சையாக இருந்திருக்கும்.

இதில் ஒரு சுவையான திருப்பமும் உண்டு. மேல்மூட்டையும் கீழ்மூட்டையும் சேர்த்து இறுக்கிப் பூட்டுவதுதான் மாவுக்கட்டின் பழைய விதி. நாட்டுத் தப்பைக்கட்டு பெரும்பாலும் மூட்டுகளைத் திறந்தே விட்டுவிடும். 1960-களில் அகஸ்டோ சார்மியென்டோ என்ற எலும்பு மருத்துவர், சில முறிவுகளுக்கு மூட்டுகளை அசையவிட்டு, முறிந்த இடத்தைச் சுற்றி மட்டும் இறுக்கமான உறை போட்டால் போதும், எலும்பு நன்றாகவே சேர்கிறது என்று காட்டினார். சுற்றியுள்ள தசை, தண்ணீர் நிரம்பிய பைபோல் எல்லாப் பக்கமும் அழுத்தி எலும்பைத் தாங்கிக்கொள்கிறது. லேசான அசைவு காலஸ் வளர்வதையும் தூண்டுகிறது. தப்பைக்கட்டுக்காரர்கள் இந்தக் காரணத்தை அறிந்து செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் செய்தது இதற்கு அருகில்தான் இருந்தது.

பிரண்டை பற்றி யாராவது கேட்பீர்கள். வடக்கே அதன் பெயரே 'ஹட்ஜோட்', எலும்பொட்டி. விலங்குகளில் செய்த சோதனைகளில் அது எலும்பு வளர்வதற்குக் கொஞ்சம் உதவுவதாகத் தெரிந்திருக்கிறது. துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், நல்லது. கோணலாக நிற்கும் எலும்பை அது நேராக்காது.

மன்னிக்காத எலும்புகள்

மூட்டின் பரப்புக்குள் ஓடும் முறிவு முதலில் வருகிறது. முழங்கால், கணுக்கால், முழங்கை இவற்றின் உள்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பானது. அதில் இரண்டு மில்லிமீட்டர் படி விழுந்தாலே, ஒவ்வோர் அசைவிலும் அது உரசி, சில ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானத்தில் கொண்டுபோய் விடலாம். வெளியிலிருந்து தடவி இந்தப் படியைக் கண்டுபிடிக்க முடியாது, சரிசெய்யவும் முடியாது. "எதுக்கு பிளேட்?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இங்கே இருக்கிறது.

வளர்ந்தவரின் முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்தால் அதுவும் கறார் கேஸ். சாவியைத் திருப்புவது, சோற்றை வாய்க்குக் கொண்டுபோவது எல்லாம் அந்த இரண்டு எலும்பும் ஒன்றைச் சுற்றி ஒன்று சுழல்வதால் நடப்பவை. கொஞ்சம் திருகிச் சேர்ந்தாலும் உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பாது.

வயதானவர் குளியலறையில் வழுக்கி விழுந்து "இடுப்பு எலும்பு முறிஞ்சிருச்சு" என்கிறோமே, அது பெரும்பாலும் தொடை எலும்பின் கழுத்து. பந்துக்குப் போகும் இரத்தம் அந்தக் கழுத்தின் மேலாகத்தான் ஏறுகிறது. முறிந்தால் இரத்தமும் நிற்கும். மேலே எத்தனை முழத் துணி சுற்றினாலும், இவ்வளவு ஆழத்தில் இருக்கும் எலும்பைப் பிடிக்க முடியாது. ஆறு வாரம் படுக்கையில் போட்டால் படுக்கைப் புண், நிமோனியா, காலில் இரத்தம் உறைதல் என்று ஒவ்வொன்றாக வரும். ஓரிரு நாளில் அறுவை செய்து எழுப்பி உட்காரவைப்பதுதான் அவர்களின் உயிரைக் காக்கும்.

மணிக்கட்டில், கட்டைவிரலின் அடியில், படகுபோல் ஒரு குட்டி எலும்பு இருக்கிறது. கையை ஊன்றி விழும்போது முறியும். முதல் நாள் எக்ஸ்ரேயில்கூடச் சில சமயம் தெரியாது. "சுளுக்குதான்" என்று நீவிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு இரத்தம் விரல் பக்கமிருந்து பின்னோக்கி வருவதால், முறிந்தால் பின்பாதி பட்டினி கிடந்து செத்துப்போகலாம். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் தெரியும் குழியில் அழுத்தி வலித்தால், எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் கையை அசையாமல் வைத்துவிட்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

குழந்தைகளின் முழங்கைக்குச் சற்று மேலே நடக்கும் முறிவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பெரியப்பாவுக்கு இடது முழங்கை உள்பக்கமாகக் கோணியிருக்கும். சிறுவயதில் மாமரத்திலிருந்து விழுந்து, கட்டுப் போட்டுச் சேர்ந்த கை. அந்தக் கையால்தான் கடைசிவரை மாட்டுவண்டி ஓட்டினார், மூட்டை தூக்கினார். "கட்டு நல்ல கட்டுடா, கொஞ்சம் கோணல், அவ்வளவுதான்" என்பார். அவருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அந்த முறிவின் முனை, கைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாயை ஒட்டியே நிற்கும். அதிர்ஷ்டம் இல்லாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதைச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

இறுகிய கட்டு

நம் கையிலும் காலிலும் தசைகள் கட்டுக்கட்டாக, நெகிழாத உறைகளுக்குள் இருக்கின்றன. முறிவுக்குப் பிறகு உள்ளே வீக்கம் ஏறுகிறது. வெளியே கட்டு இறுகியிருந்தால் வீக்கத்துக்குப் போக இடமில்லை. உள்ளழுத்தம் ஏறி, மெல்லிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, தசை மூச்சுத் திணறுகிறது. இதன் பெயர் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். ஏறக்குறைய 6 மணி நேரம் இரத்தம் இல்லாமல் கிடந்தால் தசை சாகத் தொடங்கும். செத்த தசை பிறகு நாராகச் சுருங்கி, மணிக்கட்டு மடங்கி விரல்கள் நகம்போல் வளைந்து நின்றுவிடும்.

இதை விவரித்தவர் ரிச்சர்ட் வோல்க்மன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர். அந்த ஊனத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். அவர் எழுதிய ஆண்டும் 1881. புத்தூரில் கட்டுத் தொடங்கியதாகச் சொல்லும் அதே ஆண்டில், ஜெர்மனியில் ஒருவர் அதிகமாக இறுக்கிய கட்டு கையை எப்படிக் கொல்லும் என்று எழுதிக்கொண்டிருந்தார். அவர் பார்த்த கைகளுக்கு நாட்டு வைத்தியர் கட்டியிருக்க வேண்டும் என்று இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டும் இதைச் செய்யும். புது முறிவுக்கு முதலில் முழு மாவுக்கட்டு போடாமல் பாதிக் கட்டு மட்டும் போட்டு, வீக்கம் வடிந்தபின் வரச் சொல்வது இதற்காகத்தான். "ரெண்டு தடவை அலையவிடறாங்க" என்று கோபப்படுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கட்டு யார் போட்டதாக இருந்தாலும், முதல் இரண்டு நாள் விரல் நுனியைப் பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். விரல் மரத்துப்போகக் கூடாது, நீலமாகக் கூடாது. வலி குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போனாலோ, யாராவது விரலை மெல்ல நீட்டிவிட்டாலே உயிர் போவதுபோல் வலித்தாலோ, அது நடு இரவாக இருந்தாலும் கட்டைத் தளர்த்தி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நகம் சிவப்பாக இருக்கிறதே என்று இந்த வலியை விட்டுவிடாதீர்கள். இந்தக் கோளாறில் நிறம் கடைசியில்தான் மாறும். "கட்டு பிடிக்குது, அப்படித்தான் வலிக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் அங்கே கட்டு வைத்தியம் என்ற பேச்சே இல்லை. மேலே எதுவும் பூசாமல் சுத்தத் துணியால் மூடி, 108-ஐ அழைக்க வேண்டியதுதான். தொடை எலும்பு முறிந்தால் தோல் கிழியாமலே உள்ளுக்குள் ஒரு லிட்டருக்கும் மேல் இரத்தம் தேங்கலாம் என்பதால் அதுவும் இந்தப் பட்டியலில் சேரும்.

விரலும் எக்ஸ்ரேயும்

இவ்வளவு சொன்னபிறகு, கட்டுபவர்களும் டாக்டர்களும் வெவ்வேறு சாதி என்று நினைத்துவிடக் கூடாது. ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-இல். அதுவரை உலகத்தில் எல்லோரும் விரலால் தடவித்தான் முறிவைக் கண்டார்கள். ஆபிரகாம் காலிஸ் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் 1814-இல் மணிக்கட்டு முறிவை அப்படித் தடவித் தெரிந்துகொண்டுதான் எழுதினார். இன்றும் அந்த முறிவுக்கு அவர் பெயர். மாவுக்கட்டுத் துணி 1852-இல்தான் வந்தது. மத்தைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர் தந்தது. அதற்குமுன் எல்லா ஊரிலும் தப்பையும் துணியும் பசையும்தான்.

இன்னும் ஒரு குடும்பக் கதை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஆங்கிள்சீ என்ற தீவில் தலைமுறை தலைமுறையாக எலும்பு உட்காரவைத்த ஒரு குடும்பம் இருந்தது. அதில் வந்த இவான் தாமஸ் லிவர்பூலில் தொழில் செய்தார். டாக்டர்கள் அவரை விடாமல் எதிர்த்தார்கள். அவர் தன் மகன்களை மருத்துவம் படிக்கவைத்தார். அவர்களில் ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891), முறிந்த காலை இழுத்த நிலையிலேயே பிடித்துவைக்கும் ஒரு கம்பிச் சட்டத்தை உருவாக்கினார். அவர் காலத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முதல் உலகப் போரில் அவருடைய உறவினரும் சீடருமான ராபர்ட் ஜோன்ஸ் அதைப் போர்முனைக்குக் கொண்டுபோனார். குண்டடிபட்டுத் தொடை முறிந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், அந்த எண் 20-க்கும் கீழே இறங்கியதாகக் கணக்குச் சொல்கிறார்கள். கட்டு வைத்தியர் வீட்டுக் கைப்பழக்கத்தோடு உடற்கூற்றுப் படிப்பு சேர்ந்தபோது நடந்தது அது.

ஆகவே ஒருவரிடம் கட்டுக்குப் போவதென்று நீங்கள் முடிவே செய்துவிட்டாலும், போவதற்குமுன் ஓர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு ஓர் எலும்பு டாக்டரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: இது மன்னிக்கும் எலும்பா? மூட்டுக்குள் போயிருக்கிறதா? கட்டிய பிறகு இன்னொரு எக்ஸ்ரே எடுத்தால், உட்காரவைத்தது உட்கார்ந்ததா என்றும் தெரியும். அரசு ஆஸ்பத்திரியிலும் இதற்கெல்லாம் வசதி உண்டு. அங்கே போனால் கட்டாயம் அறுப்பார்கள் என்ற பயத்துக்கும் அடிப்படை இல்லை. எலும்பு வார்டில் தினமும் கையால் இழுத்து உட்காரவைத்து மாவுக்கட்டோடு வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள் எத்தனையோ பேர்.

கட்டுப் பிரித்த அன்று

ஆறு வாரம் கழித்துப் பிரித்தால் கை வேறு யாருடையதோ போல் இருக்கும். தசை மெலிந்து, தோல் உரிந்து, மணிக்கட்டு துருப்பிடித்த கீல் மாதிரி முனகும். இதைப் பார்த்து எலும்பு சேரவில்லை என்று பயப்பட வேண்டாம். பயன்படாத தசை இளைக்கும், அசையாத மூட்டு இறுகும், இரண்டும் திரும்பி வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து, தானாக மெல்ல மடக்கி நீட்டுவதில் தொடங்க வேண்டும். அடுத்தவர் பிடித்து வலுக்கட்டாயமாக மடக்குவதில் அல்ல.

எண்ணெய் போட்டு நீவத் துடித்துக்கொண்டிருக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கு இப்போது அனுமதி கொடுத்துவிடலாம், முழங்கையைத் தவிர. அடிபட்ட முழங்கையை அழுத்தி நீவினால், அதைச் சுற்றியுள்ள தசைக்குள்ளேயே புது எலும்பு வளர்ந்து மூட்டைப் பூட்டிவிடலாம். சேர வேண்டிய இடத்தில் சேர்ந்த எலும்பு, நீவியவர் கைவண்ணத்தால் சேரக் கூடாத இடத்திலும் முளைத்துவிட்டதை எக்ஸ்ரேயில் காட்டி, எலும்பு டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.